டார்வெல் நாரைகளும் ஏரியிலிருந்து வந்த மூடுபனியும்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. பாதி வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை, அது எங்கேயும் ஓடிவிடாது. உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன்; கேட்டுவிட்டு எழுந்து போகும்போது வீட்டில் யாரோடாவது ரெண்டு வார்த்தை பேசத் தோன்றும், அதற்கு நான் பொறுப்பு.

டார்வெல் நகரத்தில் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் எட்டாவது சுற்றுக்கும் ஒன்பதாவது சுற்றுக்கும் நடுவில் முப்பத்தொரு வருஷம் போயிற்று. ஏறக்குறைய அத்தனை வருஷமும் ப்ரோனியா வோய்டாஸ் தன் புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊரில் அவளைப்போல் புருஷன்மேல் உயிரை வைத்திருந்தவள் இன்னொருத்தி கிடையாது. அதனால்தான் பேசவில்லை.

டார்வெல் அமெரிக்காவில், ஈரி ஏரியின் தென்கரையில் இருக்கிறது. அங்கே முதலில் ஏரிப் பனிக்கட்டியை அறுத்து விற்றார்கள், பிறகு எஃகு உருக்கினார்கள், இரண்டுக்கும் நடுவே நாரைகள் என்று ஒரு பேஸ்பால் அணியை வைத்துக்கொண்டார்கள். பெல்காம் என்ற பனிக்கட்டி வியாபாரி, குளிர்காலம் முடிந்ததும் தன் ஆட்கள் குடித்துக் கெட்டுப்போகிறார்களே என்று ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் வருஷத்தில் ஆரம்பித்த அணி அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் ஒரு கோப்பை, இருபத்தாறில் ஒரு கோப்பை. இருபத்தாறில் அவர்கள் ஜெயித்த மத்தியானம் ஏரி ஒரு முழம் உயர்ந்து கரையேறி, மரவேலி ஓரமாக நின்று கடைசிச் சுற்றைப் பார்த்துவிட்டு இறங்கியது. வேலியின் அடிப்பலகைகளில் அந்த ஈரக்கோடு இன்றைக்கும் இருக்கிறது. அதற்கப்புறம் நாரைகள் கோப்பை ஒன்றும் ஜெயிக்கவில்லை. ஆனாலும் அப்பன் உட்கார்ந்த இடத்தில் மகனும், மகன் உட்கார்ந்த இடத்தில் மகளும் வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஊரில் குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொல்லும்போதுகூட, நாரைகள் ஏழு ஆட்டம் தொடர்ந்து தோற்ற அந்த வாரம் என்றுதான் சொல்வார்கள்.

இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பந்தெறிகிறவன் ஒருவன், ஒன்பது சுற்றும் எதிரணிக்காரன் ஒருத்தனைக்கூட ஒழுங்காக ஒரு அடி அடிக்கவிடாமல் முடிப்பது மிக அபூர்வம். அப்படி ஒன்று கூடிவரும்போல் இருந்தால், அவன் அணிக்காரர்கள் அதைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள். பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். அவனோடு பேசவே மாட்டார்கள். யாராவது வாய்விட்டால் அடுத்த பந்திலேயே அடி விழும் என்பது நம்பிக்கை. ஆனால் எதிரணிக்காரன் என்ன வேண்டுமானாலும் பேசலாம், கேலி செய்யலாம். அது அவனுடைய உரிமை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஜூன் முதல் சனிக்கிழமை, முட்டை டஜன் ஐம்பத்தைந்து சென்ட் விற்ற நாளில், காசிமிர் வோய்டாஸ் மிச்சிகன் மரவெட்டிகள் அணிக்கு எதிராக எட்டுச் சுற்று எறிந்து முடித்தான். ஒரு அடி விழவில்லை. நாரைகள் ஒன்றுக்குச் சைபர் என்று முன்னால் இருந்தார்கள். இன்னும் மூன்றே மூன்று பேரை வெளியேற்றினால் போதும். அப்போது ஏரியிலிருந்து மூடுபனி வந்தது. படகுத்துறையைத் தாண்டி, ரொட்டிக்கடைத் தெருவழியாக, ஒரு ஜன்னலையும் நனைக்காமல், ஆட்டக்காரர்கள் வரும் வாசல் வழியாகவே மைதானத்துக்குள் நுழைந்து படுத்துக்கொண்டது. நடுவருக்குத் தன் கையே தெரியவில்லை. ஆட்டத்தை இன்னொரு நாள் தொடரலாம் என்று நிறுத்தினார். உடனே பனி எழுந்து போய்விட்டது.

அடுத்த வருஷம் அதே சனிக்கிழமை ஒன்பதாவது சுற்றை ஆட மரவெட்டிகள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பனியும் வந்தது. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. மற்ற ஆட்டங்களுக்கெல்லாம் வானம் பளிச்சென்று இருக்கும். இந்த ஒன்றுக்கு மட்டும் பனி சொல்லிவைத்தாற்போல் வரும். நான்காம் வருஷம் மரவெட்டிகளின் சங்கமே நொடித்துப்போய், வந்த ஆட்டக்காரர்களைத் திருப்பி அழைத்துப்போக பஸ் வரவில்லை. ஆட்டம் பாதியில் நிற்கும்போது போவது எப்படி என்று அவர்கள் டார்வெலிலேயே தங்கிவிட்டார்கள். ஒருவன் குழாய் பழுது பார்த்தான், இருவர் எஃகு ஆலையில் சேர்ந்தார்கள், எல்லோரும் அந்த ஊரிலேயே கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். ஒன்பதாவது சுற்றில் மூன்றாவதாக மட்டை பிடிக்கவேண்டிய ஆம்ப்ரோஸ் டில்மன் பெரிய தெருவில் முடிதிருத்தும் கடை வைத்தான்.

ஆட்டம் முடியாததால் வழக்கமும் முடியவில்லை. முதலில் அணிக்காரர்கள் காசிமிரோடு பேசாமல் இருந்தார்கள். பிறகு, ஊரே அந்த அணிதானே, நாம் வாயைத் திறந்து கெடுப்பானேன் என்று ஊரும் பேசாமல் இருந்தது. ரொட்டிக்கடைக்காரி ஹெட்விக் அவனைக் கண்டதும் ரொட்டியைத் தாளில் சுற்றி வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். தேவாலயத்தில் அவனுக்கு இந்தப் பக்கம் இரண்டு ஆள் இடம், அந்தப் பக்கம் இரண்டு ஆள் இடம் காலியாக இருக்கும். ஆலையில் பாரந்தூக்கி ஓட்டினான். அது தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை, அதனால்தான் கொடுத்தார்கள். அவன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. புயலில் அவன் கூரை பிய்ந்தபோது அவன் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் யாரோ ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வாசற்படியில் அடிக்கடி சூடாக ஒரு பாத்திரம் இருக்கும், உள்ளே முட்டைக்கோஸ் உருண்டையோ புகைபோட்ட சாசேஜோ. யார் வைத்தது என்று கேட்க அவனுக்கு ஆள் கிடையாது.

வீட்டில் ப்ரோனியா முதல் சில வாரம் அந்த ஆட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் பேசினாள். ஆனால் உப்பைப் பற்றிப் பேசினால் பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கத் தெருவில் உப்புத் தூவுவது வருகிறது, தெருவைப் பற்றிப் பேசினால் மைதானம் வருகிறது. எங்கே நாக்கு தவறிவிடுமோ என்று ஒரு நாள் பேச்சையே நிறுத்திவிட்டாள். அவனும் புரிந்துகொண்டு நிறுத்தினான். ஒருவர் தட்டை ஒருவர் கழுவினார்கள், ஒருவருக்கு ஒருவர் கோட்டுப் பிடித்து மாட்டிவிட்டார்கள், மகளை வளர்த்துப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார்கள், எல்லாம் கண்ணாலும் கையாலும்.

காசிமிரின் வலது கைக்கு மட்டும் வயதாகவில்லை. தலை நரைத்தது, முதுகு வளைந்தது, இடது கையில் நரம்பு புடைத்தது. வலது கை தோளிலிருந்து விரல்நுனிவரை இருபத்தாறு வயசாகவே இருந்தது. அதன் ரோமம்கூடக் கறுப்பு. ஆலை மருத்துவர் வருஷாவருஷம் பார்த்து, கை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஆட்டத்துக்கான கை அது என்பதால் வேறு ஆட்டத்தில் எறிய மேலாளர்கள் யாரும் அவனை விடவில்லை. ப்ரோனியா தூக்கத்தில் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள். பிடித்த கை சுருங்கிக்கொண்டே போக, பிடிபட்ட கை அப்படியே இருந்தது.

அவனோடு பேசிய ஒரே ஆள் ஆம்ப்ரோஸ். எதிரணிக்காரன் அல்லவா, உரிமை இருந்தது. மற்ற மரவெட்டிகளின் வாயை அவர்கள் கட்டிய டார்வெல் பெண்கள் அடைத்துவிட்டார்கள், ஆம்ப்ரோஸ் வாயை யாராலும் அடைக்க முடியவில்லை. முடி வளராத வாரத்திலும் காசிமிர் அந்த நாற்காலியில் போய் உட்காருவான்.

"வாய்யா, மொட்டைத் தலையத் தூக்கிக்கிட்டு. இதுல நான் எதை வெட்ட?" என்பான் ஆம்ப்ரோஸ்.

"உன் கத்திரிக்கு வேலை வேணுமேன்னு வந்தேன்."

"உன் வளைவுப் பந்து இருக்கே, அது சர்ச்சுக்குப் போற கெழவி மாதிரி வருது. நின்னு நெதானமா குட்மார்னிங் சொல்லிட்டு அடிப்பேன்."

"எட்டு சுத்துல ரெண்டு தடவ வந்தே. குட்மார்னிங் சொன்னே. பெஞ்சுல போய் உக்காந்தே."

"மூணாவது தடவ வருவேன்ல? என்னை அடிக்கவிடாம உன்னைச் சாகவிடமாட்டேன், ஞாபகம் வெச்சுக்க. அசையாத, காது போயிடும்."

காசிமிர் சிரிப்பான். பாதி தெருவுக்குக் கேட்கிற சிரிப்பு. எதிர்ப்பக்கக் கடையில் தக்காளி பொறுக்குகிற பாவனையில் ப்ரோனியா நின்று அதைக் கேட்டுவிட்டு, தக்காளி வாங்காமல் வீட்டுக்குப் போவாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆலை மூடிக்கொண்டது. படகுத்துறையில் படகுகள் குறைந்தன. பெரிய தெருவில் ஒன்றுவிட்டு ஒரு கடையில் பலகை அடித்தார்கள். மிஞ்சியது நாரைகள் மட்டும், அவையும் கடைசி இடத்தில். சங்கம் அப்போது பழைய பனிக்கட்டி வியாபாரியின் பேரன் ட்ரெவர் பெல்காமிடம் இருந்தது. அவன் கெட்டவன் அல்ல, அலுத்துப்போனவன். தெற்கே பாலைவனத்தில் ஒரு புது நகரம், கூரைபோட்ட அரங்கம் கட்டித் தருகிறோம், அணியைக் கொண்டுவா என்று அவனைக் கூப்பிட்டது. அவன் சரி என்றான். ஆனால் அவர்கள் லீகில் பழைய விதி ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் தோற்கப்போகிற அணி ஒன்று ஆட்டத்தின் நடுவிலேயே ரயிலேறி ஓடிப்போனதாம். அதிலிருந்து, தொடங்கிய ஆட்டம் ஒன்று முடியாமல் இருக்கும்வரை எந்தச் சங்கமும் சொந்த ஊரை விட்டுப் போகக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள்.

ஊர் அந்த மூடுபனியைக் கும்பிடாத குறை. ஜூன் சனிக்கிழமை வந்தால் பனி வருகிறதா என்று படகுத்துறையில் போய் நின்று எட்டிப் பார்ப்பார்கள், வந்ததும் கை தட்டுவார்கள். ட்ரெவர் ஒரு வருஷம் ராட்சத மின்விசிறிகளை லாரியில் இறக்கினான். பனி நகரவில்லை, கொடிக்கம்பங்கள் சாய்ந்தன. அடுத்த வருஷம் ஹெலிகாப்டர் வரவழைத்தான். பனி ஹெலிகாப்டருக்கு வழிவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. "ஊதுங்க தம்பி, நல்லா ஊதுங்க, பொறந்தநாள் மெழுகுவர்த்தி மாதிரி," என்று ஹெட்விக் கூட்டத்திலிருந்து கத்தினாள்.

எண்பத்தொன்பதாம் வருஷ வசந்தத்தில் ஆம்ப்ரோஸ் கடை வாசலில் சிறிதாக ஒரு அட்டை தொங்கவிட்டான். கோடை முடிந்ததும் கடையை மூடிவிட்டு டெட்ராய்ட்டில் மகளோடு இருக்கப்போகிறான். கண் மங்கல், கை நடுக்கம். அன்றைக்குக் காசிமிர் வீட்டுக்கு வந்து சூப்பைத் தொடாமல் எழுந்து போனான். தோட்டத்தில் நின்று வேலிக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ப்ரோனியாவுக்கு விஷயம் தெரியும். அந்த மனுஷன் போய்விட்டால் தன் புருஷன் காதில் இனி ஒரு குரலும் விழாது.

அவள் ஜன்னல் வழியாக அவனைப் பார்க்க முயன்றாள். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்தாள், மறுபடி படிந்தது. அடுப்பு எரியவில்லை, சூப்பு ஆறிப்போயிருந்தது. நினைத்துப் பார்த்தால் அந்த ஜன்னல் ஆகஸ்டு மாசத்திலும் அப்படித்தான் இருக்கும். காசிமிரைப் பார்த்து ஏதாவது சொல்ல வாய்வரை வந்து விழுங்கினால் அந்தக் கணமே மங்கும். ஆம்ப்ரோஸின் கடையில் சுடுதண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும், ஆவி பறக்கிற துண்டுகள் அடுக்கியிருக்கும், ஆனாலும் அந்தக் கண்ணாடி எதிர்க்கடையிலிருந்து முகம் தெரிகிற அளவுக்குத் தெளிவு. ப்ரோனியா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பனி ஏரியுடையதே அல்ல. அது அவர்கள் எல்லோரும் விழுங்கிய பேச்சு. ஊர் முழுக்க விழுங்கியது போய் ஏரியில் சேர்ந்து, வருஷத்துக்கு ஒருமுறை சொல்லவேண்டிய ஆளைத் தேடி வந்துகொண்டிருந்தது.

தெரிந்ததும் அவளுக்கு நிம்மதி போயிற்று. பேசினால் பனி போகும், பனி போனால் ஆட்டம் முடியும், ஆட்டம் முடிந்தால் நாரைகள் போய்விடும், அப்புறம் டார்வெலில் என்ன மிச்சம்? பேசாவிட்டால் காசிமிர். கொதிக்கிற தண்ணீரில் உருண்டைகளைப் போட்டுவிட்டு எடுக்க மறந்து நின்றாள். ஒருத்தியின் வாய் ஒரு ஊரின் அணியை விரட்டலாமா? அவளுடைய அப்பா அந்த மைதானத்தின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டவர். முடிவெடுக்காமலேயே ஜூன் வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமையும் பனி வந்து மைதானத்தில் படுத்தது. காசிமிர் வழக்கம்போல் பெஞ்சின் ஒரு கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். ஆம்ப்ரோஸ் பழைய மரவெட்டிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மட்டையை ஊன்றுகோலாக ஊன்றி வந்து, பனிக்குள் அவன் இருக்கும் திசையைப் பார்த்து, "இந்த வருஷத்தோட சரி, காசிமிர். நீ தப்பிச்சே," என்றான். குரலில் கேலி இல்லை. அதைக் கேட்டதும் ப்ரோனியா எழுந்தாள். படிகளில் இறங்கி, கம்பித் தடுப்பைத் திறந்து, ஆட்டக்காரர்கள் பெஞ்சுக்குப் போய், அவன் பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்தாள். முப்பத்தொரு வருஷமாக யாரும் உட்காராத இடம். அரங்கமே ஒரேயடியாக மூச்சை இழுத்தது.

"காஷு, எட்டு சுத்து முடிஞ்சுபோச்சு. ஒருத்தன்கூட உன்னை ஒரு அடி அடிக்கல," என்றாள். குரல் துருப்பிடித்த கதவுபோல் வந்தது.

காசிமிர் பனிக்குள் ஸ்கோர் பலகை இருக்கும் பக்கம் கையைக் காட்டினான்.

"தெரியும். பலகைல அவ்ளோ பெருசா எழுதித் தொங்கவிட்டிருக்காங்களே."

"தெரிஞ்சா சரி."

"ப்ரோனியா."

"என்ன?"

"சூப்புல ஏன் இவ்ளோ உப்பு போடறே? கல்யாணம் ஆன வருஷத்துலேருந்து கேக்கணும்னு இருக்கேன்."

"அட பாவி மனுஷா! தட்ட வழிச்சு வழிச்சுத் தின்னியே! பிடிக்குதுன்னுல்ல இன்னும் ஒரு சிட்டிகை சேத்துச் சேத்துப் போட்டேன்!"

அவர்களைச் சுற்றி இரண்டு ஆள் அகலத்துக்குப் பனி விலகி, கீழே புல் பச்சையாகத் தெரிந்தது. மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. டார்வெல்காரர்கள் மந்தமானவர்கள் அல்ல. "வாய மூடுடி ப்ரோனியா! டீமை அனுப்பி வெச்சுடாதடி!" என்று ஹெட்விக் அலறினாள். அப்புறம் காசிமிரைப் பார்த்தாள். உப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே அவன் அழுதுகொண்டிருந்தான். அவள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, "காசிமிர்! கறுப்பு ரொட்டிய விட அந்த வெள்ளை ரொட்டிதான உனக்குப் பிடிக்கும்? எனக்குத் தெரியும். சொல்ல வழியில்லாம தினம் கறுப்பு ரொட்டி வாங்கிட்டுப் போவே!" என்று கத்தினாள். மூன்றாம் வரிசையிலிருந்து ஆலையின் பழைய மேஸ்திரி எழுந்தான். "உன் அம்மா அடக்கத்துக்கு வந்தேன்ப்பா. பின்னால நின்னேன். ஒரு வார்த்த சொல்லல. மன்னிச்சுக்க." யாரோ, "உன் கூரை, நான்தான்!" என்றான். "நீ மட்டுமா? ஏணி யாருது?" என்றான் இன்னொருவன். எல்லோருக்கும் தெரியும், பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் அணியை ஒரு அடி தெற்கே நகர்த்துகிறது என்று. ஆனாலும் ஒருவர் வாயையும் மூட முடியவில்லை. பனி திட்டுத் திட்டாகக் கிழிந்து, கடைசியில் வெறும் வெயில் நின்றது. ட்ரெவர் பெல்காம் தன் வக்கீலின் கையைக் குலுக்கினான்.

நடுவர் ஆட்டத்தைத் தொடங்கினார். மரவெட்டிகளில் முதலாவது வந்தவன் குழாய்க்காரன். மூன்று பந்திலும் காற்றை அடித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனான். இரண்டாவது ஆள் தரையோடு உருட்டிவிட்டு, ஓடித் தொடவேண்டிய முதல் தளத்துக்குப் பாதி வழியிலேயே அவுட் ஆனான். மூன்றாவதாக ஆம்ப்ரோஸ் வந்து நின்றான். கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டான்.

"குட்மார்னிங்," என்றான்.

"உள்ளது உள்ளபடி எறியறேன், ஆம்ப்ரோஸ்."

"வேற மாதிரி எறிஞ்சா இனிமே உனக்கு முடி வெட்டமாட்டேன்."

காசிமிர் எறிந்தான், இருபத்தாறு வயசுக் கையால், தன்னிடம் இருந்ததிலேயே நல்ல பந்தை. ஆம்ப்ரோஸ் அடித்தான். பந்து ஏரி வந்து நின்ற வேலிக்கு மேலே போய் அந்தப் பக்கம் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்ட கணமே காசிமிரின் வலது கையில் முப்பத்தொரு வருஷமும் ஒன்றாக வந்து இறங்கின. ரோமம் வெளுத்தது, தோல் தளர்ந்தது, முழங்கை இறுகிக்கொண்டது. அவன் அந்தக் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வெகுநாள் ஊரில் இல்லாத தம்பி திரும்பி வந்ததுபோல் இடது கையால் தடவிக் கொடுத்தான். ஆம்ப்ரோஸ் தளங்களைச் சுற்றி ஓட முடியாமல் நடந்தான். இரண்டாம் தளத்தில் நின்று மூச்சு வாங்கினான். நாரைகளின் ஆட்டக்காரன் ஒருவன் தோள் கொடுத்தான். ஊர் எழுந்து நின்று கை தட்டியது, அவனுக்கா காசிமிருக்கா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

வேலி தாண்டிய அடி, அது ஒரு ஓட்டம். ஆக, ஒன்றுக்கு ஒன்று. சமம். பேஸ்பாலில் சமம் என்று ஒரு முடிவு கிடையாது. ஒருவர் ஜெயிக்கும்வரை ஆடிக்கொண்டே இருக்கவேண்டும், அதற்குக் கடிகாரமும் கிடையாது. வக்கீல் அதை ட்ரெவரின் காதில் சொன்னபோது அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அடுத்த ஆள் அவுட் ஆகி மரவெட்டிகளின் முறை முடிந்தது; ஒன்பதாவது சுற்றின் தங்கள் முறையில் நாரைகள் ஓட்டம் எடுக்கவில்லை. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அவர்கள் எடுப்பதே அபூர்வம். பத்தாவது சுற்று, பன்னிரண்டாவது சுற்று, இருட்டிவிட்டது. மிச்சத்தை அடுத்த சனிக்கிழமை ஆடுவதென்று கலைந்தார்கள்.

இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். வேறு ஆட்டம் இல்லாத கோடைச் சனிக்கிழமைகளில் மத்தியானம் தொடங்கி, வெளிச்சம் இருக்கும்வரை. மரவெட்டிகளுக்கு இப்போது அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆடுகிறார்கள். இரண்டு பக்கமும் மும்முரமாகத்தான் ஆடுகிறது, யாரும் வேண்டுமென்று விட்டுக்கொடுப்பதில்லை, ஆனாலும் யாரும் இதுவரை ஒரு ஓட்டம் கூடுதலாக எடுத்ததில்லை. பாலைவனத்துக் கூரை அரங்கத்தில் கல்யாணச் சாமான் கண்காட்சி நடத்துகிறார்கள் என்று கேள்வி. ட்ரெவர் அதற்கப்புறம் ஓரிரண்டு வருஷம் கோபமாக இருந்தான், பிறகு சனிக்கிழமைகளில் வந்து ஹெட்விக் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் திட்டு வாங்கப் பழகிவிட்டான். ஆம்ப்ரோஸ் டெட்ராய்ட்டுக்குப் போகவில்லை. ஆட்டம் நடுவில் இருக்கும்போது எப்படிப் போவான்? மகள் இங்கே வந்து கடையை எடுத்துக்கொண்டாள்.

நாரைகளின் வருங்காலம் எப்படி என்று கேட்டால், சுமார்தான். பின்னால் நின்று பந்து பிடிக்கிற கேட்சர் நல்ல பையன், மூன்றாம் தளத்தில் சல்லடைபோல் ஓட்டை, இடப்பக்கம் நிற்பவனுக்குப் பந்தைவிடப் பறவைகள்மேல் கவனம். இந்த வருஷமும் கடைசியில்தான் வருவார்கள், அடுத்த வருஷமும் அனேகமாக அப்படித்தான். இங்கேதான் வருவார்கள் என்பது மட்டும் நிச்சயம். காசிமிரும் ப்ரோனியாவும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து விடாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். பின்னால் இருப்பவர்கள், "கொஞ்சம் ஆட்டத்தைப் பாக்க விடுங்களேன்," என்று கெஞ்சுவார்கள். அவள் அவனுடைய வலது முழங்கைக்கு வாத்துக் கொழுப்புத் தேய்த்துக்கொண்டே, "இது ஆயிரத்து நூத்திப் பத்தாவது சுத்தா, பதினொண்ணா?" என்பாள். "யாருக்குத் தெரியும்? அந்த உப்பு பிஸ்கட்ட எடு," என்பான் அவன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இது எப்போது முடியும் என்று கேட்டால் டார்வெல்காரர்கள் அவர்களைப் பரிதாபமாகப் பார்த்து, நகர்ந்து, இடம் விடுவார்கள்.

போய் வாருங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார எப்போதும் இடம் இருக்கட்டும். சொல்லவேண்டியது தொண்டையில் நிற்காமல் வெளியே வரட்டும். உங்கள் அடுப்பில் சூப்பும் உங்கள் மேசையில் பேச்சும் ஒருநாளும் ஆறாமல் இருக்கட்டும்.